கிழவர் கொடுத்த பணம்

சொத்துத் தகராறை வைத்துக் கதை எழுதுவது நம் பத்திரிகைகளில் வெகு நாளைய வழக்கம். ஒரு கிழவரோ கிழவியோ இருப்பார். அவரிடம் கொஞ்சம் ரொக்கம், அல்லது ஒரு வீடு, அல்லது பெட்டியின் அடியில் முடிந்து வைத்த நகை இருக்கும். மூத்த மகன் சாது. அவன் மனைவி ராட்சசி. இளையவன் ஊதாரி. பெண் வாழாவெட்டியாக வந்திருப்பாள். கிழவர் யாரோ ஒருவரிடம் பிரியம் வைத்து எதையோ கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுவார். பிறகு கூச்சல், பஞ்சாயத்து, வக்கீல் குமாஸ்தா, கடைசிப் பக்கத்தில் கண்ணீர். வாசகருக்கு ராட்சசியின் மேல் கோபம் வருகிறது. கிழவரின் மேல் இரக்கம் வருகிறது. கூடவே, தம்மைப் பற்றி ஒரு நல்ல அபிப்பிராயமும் ஏற்பட்டுவிடுகிறது. இந்த மூன்றாவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

இப்படிப்பட்ட கதைகளில் விசாரணைக்கு வராத ஆசாமி ஒருவர் உண்டு. அவர்தான் பணத்தைக் கொடுத்தவர். செத்துப்போனவரைக் குறை சொல்லலாகாது என்ற மரியாதை நம் கதாசிரியர்களைத் தடுக்கிறதோ என்னவோ! கொடுத்த விதம் சரியா, யாரை நினைத்துக் கொடுத்தார், யாரை மறந்துவிட்டுக் கொடுத்தார் என்ற கேள்விகளை எழுப்பாமல், எடுத்துக்கொண்டவர்களை மட்டும் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். சண்டை மூள்வதற்கு முன்னாலேயே, குரலை உயர்த்தாமல், நல்ல வார்த்தைகளிலேயே அநியாயம் நடந்து முடிந்துவிடுவதும் உண்டு. அதையும் நாம் எழுதுவதில்லை. கூச்சல் இல்லாத இடத்தில் கதை இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்த இரண்டையும் இரண்டே அத்தியாயங்களில் செய்து காட்டியவர் ஜேன் ஆஸ்டன். 'ஸென்ஸ் அண்ட் ஸென்ஸிபிலிட்டி' என்ற அவருடைய நாவல் 1811ல் வெளிவந்தது. முகப்பில் ஆசிரியர் பெயர்கூட இல்லை. ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டும் போட்டிருந்தார்கள். இரண்டு சகோதரிகளின் காதல் கதை என்றுதான் பொதுவாக இதைச் சொல்வார்கள். காதல் கிடக்கட்டும், அது வருவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஸஸ்ஸெக்ஸ் பிரதேசத்தில் நார்லண்ட் என்று ஒரு பெரிய பண்ணை. அதன் சொந்தக்காரர் கல்யாணம் ஆகாத கிழவர். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சகோதரி இறந்துபோனதும், தமக்குப் பின் சொத்துக்கு உரியவனான உடன்பிறந்தான் மகன் ஹென்றி டாஷ்வுட்டைக் குடும்பத்தோடு வரவழைத்து வைத்துக்கொள்கிறார். ஹென்றிக்கு முதல் மனைவி மூலம் ஜான் என்று ஒரு மகன். இரண்டாவது மனைவி மூலம் எலினார், மாரியான், மார்கரெட் என்று மூன்று பெண்கள். ஜானுக்குத் தாய்வழிச் சொத்து உண்டு. மனைவி கொண்டுவந்ததும் உண்டு. பெண்களுக்கு ஒன்றும் கிடையாது. பத்து வருஷம் கிழவருக்கு உபசாரம் செய்தவர்கள் ஹென்றியும் இரண்டாம் மனைவியும் அந்தப் பெண்களும்தான். லாபத்துக்காக மட்டும் செய்த உபசாரமல்ல, மனமார்ந்ததும்தான் என்று ஆசிரியரே சொல்கிறார்.

கிழவர் இறந்து உயிலைப் பிரிக்கிறார்கள். சொத்து ஹென்றிக்குத்தான். ஆனால் அனுபவிக்கலாமே தவிர, விற்க முடியாது. மரம் வெட்டி விற்றுப் பெண்களுக்குக் கொடுக்கவும் முடியாது. அவருக்குப் பிறகு ஜானுக்கு. ஜானுக்குப் பிறகு ஜானின் மகனுக்கு. அந்த மகனுக்கு வயது நாலு. எப்போதாவது நார்லண்டுக்கு வந்து, மழலை பேசி, பிடிவாதம் பிடித்து, குறும்பு செய்து, வீடெல்லாம் சத்தம் போட்டுவிட்டுப் போன குழந்தை. அந்த மழலையின் முன்னால் பத்து வருஷத்துப் பணிவிடை எடுபடவில்லை. பெண்களையும் கிழவர் மறந்துவிடவில்லை! பிரியத்தின் அடையாளமாக ஆளுக்கு ஆயிரம் பவுன் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் கிழவர் கெட்டவரல்ல. அவருக்கு யாரிடமும் விரோதமில்லை. எல்லாக் கிழவர்களையும்போல அவருக்கும் ஒரு குழந்தையின் மேல் ஆசை விழுந்தது, அவ்வளவுதான். கூடவே இருந்து கவனித்துக்கொள்கிறவர்கள் வீட்டுத் தூண் மாதிரி கண்ணுக்குப் படாமல் போய்விடுகிறார்கள். விருந்தாளியாக வருகிற குழந்தைதான் கண்ணுக்குத் தெரிகிறது. நம் வீடுகளிலும் ஊரிலிருந்து லீவுக்கு வரும் பேரனுக்குக் கிடைக்கும் சலுகை, கூட இருந்து மருந்து கொடுக்கும் பேத்திக்குக் கிடைப்பதில்லை. ஜேன் ஆஸ்டன் கிழவருக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதாகவும் காட்டவில்லை. ஆனாலும் நாவல் முழுவதிலும் அந்தப் பெண்கள் படுகிற பாட்டுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஹென்றி ஒரே வருஷத்தில் இறந்துபோகிறார். பெண்களுக்குக் கிழவர் எழுதி வைத்ததையும் சேர்த்து, விதவைக்கும் மூன்று பெண்களுக்குமாக மிஞ்சுவது பத்தாயிரம் பவுன். மரணப் படுக்கையில் அவர் ஜானைக் கூப்பிட்டு, சிற்றன்னையையும் தங்கைகளையும் கைவிட்டுவிடாதே என்று கேட்டுக்கொள்கிறார். ஜான் வாக்குக் கொடுக்கிறான். கொடுக்கும்போது மனப்பூர்வமாகத்தான் கொடுக்கிறான். தனக்கு இனி வருஷத்துக்கு நாலாயிரம் பவுன் கூடுதலாக வரப்போகிறது. தங்கைகளுக்கு ஆளுக்கு ஆயிரம் வீதம் மூவாயிரம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்கிறான். அந்தத் தாராளத்தை நினைத்து அவனுக்கே உள்ளம் குளிர்கிறது. நாள் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறான். சிரிக்கிறோம், ஆனால் கொடுப்பதற்கு முன்னாலேயே கொடுத்த சந்தோஷத்தை அனுபவித்துவிடுகிறவன் கொடுக்க மாட்டான் என்பதையும் இந்த இடத்திலேயே தெரிந்துகொள்கிறோம்.

இரண்டாவது அத்தியாயம் முழுவதும் புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொள்கிற பேச்சு. ஆங்கில நாவலில் பணத்தைப் பற்றி இதைவிடச் சிறந்த சம்பாஷணையை நான் படித்ததில்லை. மனைவி பானி, நம் குழந்தையிடமிருந்து மூவாயிரத்தைப் பறித்துக் கொடுப்பதா என்று ஆரம்பிக்கிறாள். பாதி இரத்த சம்பந்தம் என்பது சம்பந்தமே இல்லை என்பது அவள் கட்சி. ஜான் உடனே இறங்கி வந்து, ஆளுக்கு ஐந்நூறு போதுமே என்கிறான். அடுத்து, பெண்களுக்குக் கொடுப்பதைவிட அம்மாவுக்கு வருஷம் நூறு பவுன் வர்ஷாசனமாகக் கொடுத்தால் என்ன என்று அவனே யோசனை சொல்கிறான். அங்கேதான் பானி உஷாராகிறாள். வர்ஷாசனம் வாங்குகிறவர்கள் சாவதே இல்லை என்பது அவள் கண்டுபிடிப்பு. அவளுடைய தாயார், பழைய வேலைக்காரர்கள் மூன்று பேருக்கு வருஷா வருஷம் கொடுத்துத் தீரவேண்டியிருந்ததாம்; அவள் தகப்பனார் உயிலில் எழுதி வைத்துவிட்டுப் போன வேலை! அது எவ்வளவு உபத்திரவம் என்று விஸ்தாரமாகச் சொல்கிறாள். அதற்கு மேல் நூறு நிற்குமா? எப்போதாவது ஓர் ஐம்பது என்று ஆகிறது. கடைசியில், அப்பா பண உதவியை நினைத்துச் சொல்லியிருக்கவே மாட்டார் என்ற தீர்மானத்துக்கு இருவரும் வந்து சேர்கிறார்கள். ஒரு சின்ன வீடு பார்த்துக் கொடுப்பது, சாமான்களை ஏற்றி அனுப்ப ஒத்தாசை செய்வது, காலத்தில் கொஞ்சம் மீனும் வேட்டை இறைச்சியும் அனுப்பி வைப்பது: இதுதான் அவர் கேட்டது என்று ஜான் தெளிவடைகிறான்.

அத்தோடு நின்றதா? நாலு பெண்பிள்ளைகளுக்கு வருஷம் ஐந்நூறு வட்டி வருகிறதே, வண்டி உண்டா, குதிரை உண்டா, அவர்களுக்கு என்ன செலவு, பார்க்கப்போனால் அவர்கள்தான் நமக்கு ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறாள் பானி. பழைய வீட்டுப் பீங்கானும் வெள்ளிப் பாத்திரமும் துணிமணியும் சிற்றன்னைக்குப் போய்விட்டதே என்று வேறு அவளுக்கு ஏக்கம். அந்தக் காலை ஆகாரப் பீங்கான் செட் இங்கே இருப்பதைவிட இரண்டு மடங்கு அழகாயிற்றே! மூவாயிரத்தில் ஆரம்பித்த பேச்சு பீங்கானில் முடிகிறது.

இதைப் படித்துவிட்டுப் பானியை ராட்சசி என்று சொல்லிவிட்டால் நாமும் நம் பத்திரிகைக் கதைகளைப் படிக்கிறபடிதான் இதையும் படித்தோம் என்று அர்த்தம். திரும்ப ஒரு முறை படித்துப் பாருங்கள். பானி அவனை மிரட்டவில்லை, அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. தொகையைக் குறைக்கிற யோசனைகளில் பல ஜான் வாயிலிருந்துதான் வருகின்றன. பானி காரணங்களைத் தருகிறாள். அவனுக்கு அந்தக் காரணங்கள் வேண்டியிருக்கின்றன. ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கிறது. குழந்தைக்குச் சேமிப்பது தப்பா? வருஷா வருஷம் கட்டுப்பட்டுக்கொள்வது சிரமமில்லையா? மொத்தமாகக் கொடுத்தால் செலவழித்துவிடமாட்டார்களா? இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது நம் வீட்டுக் கூடத்தில் நாம் கேட்டதில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆசிரியர் குறுக்கே வந்து ஒரு வார்த்தை கண்டிப்பதில்லை. எண்கள்தான் இறங்கிக்கொண்டே போகின்றன.

இன்னொரு நுட்பம். புருஷன் வாக்கு வாங்கிக்கொண்டு இறந்தார் என்பது விதவைக்குத் தெரியும். தெரிந்தும் அவள் ஜானிடம் கேட்பதில்லை. எலினாரும் கேட்பதில்லை. கோர்ட்டில் கேட்க முடியாது, ஏனென்றால் காகிதம் இல்லை. வீட்டில் கேட்க முடியாது, ஏனென்றால் கௌரவம் இருக்கிறது. இந்தியாவில் 2007ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்த முதியவர், அது நடக்காதபோது அந்தத் தானத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம் என்று இருக்கிறது. உயிரோடு இருக்கிறவருக்கு அது உதவும். மற்றவர்களைக் காப்பாற்று என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் வழியில்லை. எனவே இந்த நாவலில் தகராறே நடப்பதில்லை. ஜெயித்தவனுக்குத் தான் ஒரு தகராறில் ஜெயித்தோம் என்பதுகூடத் தெரியாது.

இந்த நாவலைத் தழுவி ராஜீவ் மேனன் 2000ல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். பாட்டுக்காகவே இரண்டு முறை பார்த்தவர்கள் இருப்பார்கள். அதிலும் ஒரு கிழவர், அதிலும் ஓர் உயில். ஆனால் படத்தில் கிழவர் வாய் பேச முடியாமல் படுத்துக் கிடக்கிறார். மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டாள் என்ற பழைய கோபத்தில் சொத்தை மகனுக்கு எழுதிவிட்டார். பிறகு அந்த மகளும் பேத்திகளும்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். சாகும்போது பெட்டியைக் காட்டி ஏதோ சொல்லத் தவிக்கிறார், யாருக்கும் புரியவில்லை. நமக்குக் கண் கலங்குகிறது. ஏன் கலங்குகிறது? கிழவர் மனம் மாறிவிட்டார், வாய்தான் ஒத்துழைக்கவில்லை என்று நமக்கு ஆறுதல் கிடைக்கிறது, அதனால்தான். தாத்தாவைக் குற்றவாளியாகப் பார்க்கத் தமிழ் ரசிகர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று படம் எடுத்தவர்கள் கணக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கணக்கு தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் ஜேன் ஆஸ்டனின் கிழவருக்கு வாய் நன்றாக இருந்தது. நினைத்ததைத்தான் எழுதினார், எழுதியதைத்தான் நினைத்தார். படத்தில் இருப்பது துரதிர்ஷ்டம். புத்தகத்தில் இருப்பது, பிரியமுள்ள ஒரு மனிதர் சாவகாசமாக உட்கார்ந்து செய்த அநியாயம்.

இந்த விஷயத்தை இவ்வளவு நிதானமாக எழுத அவரால் எப்படி முடிந்தது என்று வாசகர் கேட்கலாம். நாவலைச் சொந்த வாழ்க்கையாகப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஜேன் ஆஸ்டனின் சகோதரர்கள் ஜானைப் போன்றவர்களல்ல. 1805ல் தகப்பனார் இறந்ததும் தாயாருக்கும் சகோதரிகளுக்கும் வருஷந்தோறும் பணம் கொடுத்தார்கள். ஆனாலும் கிழவர்கள் கொடுக்கிற சொத்து என்ன செய்யும் என்பதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். சகோதரன் எட்வர்டைக் குழந்தையில்லாத நைட் தம்பதிகள் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். கணவர் இறந்த பிறகு, திருமதி நைட் தாம் உயிரோடு இருக்கும்போதே பண்ணையை எட்வர்டிடம் ஒப்படைத்துவிட்டு, தமக்கு வருஷத்துக்கு ஒரு தொகை மட்டும் வைத்துக்கொண்டார். அந்தச் சொத்தைச் சேர்ந்த சாட்டன் வீட்டில்தான் 1809 முதல் ஜேன் ஆஸ்டன் தாயாரோடும் சகோதரியோடும் குடியிருந்து இந்த நாவலைத் திருத்தினார். சாட்டன் சொத்தின் பேரிலும் பாத்தியதை கொண்டாடி 1814ல் வேறு சிலர் வழக்குக்கு வந்தார்கள். ஜேன் ஆஸ்டன் கண்ணை மூடும் வரையில் அது தீரவில்லை.

அதைவிடக் கசப்பானது 1817ல் நடந்தது. தாய்மாமன் லீ-பெரட் பெரிய பணக்காரர். பிள்ளை குட்டி கிடையாது. ஜேன் ஆஸ்டனின் தாயார் அவருடைய சொந்தச் சகோதரி. எல்லோரும் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அந்த மார்ச்சு மாதம் அவர் இறந்தபோது, எல்லாம் மனைவிக்கு என்று உயிலில் இருந்தது. ஜேன் ஆஸ்டனுக்கும் ஆயிரம் பவுன் உண்டு. ஆனால் மாமிக்குப் பிறகும் உயிரோடு இருந்தால்! அவர் அப்போதே நோயாளி. இந்த அதிர்ச்சியில் நோய் அதிகமாகிவிட்டது என்று சகோதரன் சார்லஸுக்குத் தாமே கடிதம் எழுதினார். ஜூலையில் போய்விட்டார். மாமி அதற்குப் பிறகு வெகு காலம் இருந்தாள். நடுவே ஏப்ரல் மாதத்தில் அவர் தம்முடைய உயிலை எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கூட இல்லாத சின்னக் காகிதம். சகோதரன் ஹென்றிக்கு ஐம்பது பவுன். ஹென்றியின் வீட்டில் வேலை செய்த பிரெஞ்சு மூதாட்டிக்கு ஐம்பது பவுன். மற்றதெல்லாம் கூடவே இருந்த சகோதரி கஸாண்ட்ராவுக்கு. கூட இருந்தவளையும் மறக்கவில்லை, வேலைக்காரியையும் மறக்கவில்லை. நார்லண்ட் கிழவரை எழுதிய கை அல்லவா!

இதே விஷயத்தை அறுபது வருஷம் கழித்து ஜார்ஜ் எலியட் 'மிடில்மார்ச்' நாவலில் எடுத்துக்கொண்டார். 1871, 72ல் வந்த புத்தகம். இங்கே வருகிற பெதர்ஸ்டோன் கிழவர் வேறு ஜாதி. பணத்தைக் காட்டிக் காட்டியே ஜனங்களை ஆட்டி வைக்கிறவர். மனைவிவழி உறவுப் பையன் பிரெட் வின்ஸிக்கு நோட்டுக்களைக் கொடுக்கிற காட்சி ஒன்று போதும். முதலில், என் நிலம் உனக்கு வரும் என்று சொல்லிக் கடன் கேட்டாயாமே என்று குற்றம் சாட்டி, அது பொய் என்று ஒரு பெரிய மனிதரிடமிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு வரச் செய்து, அந்தக் கடிதத்தையும் கேலி செய்துவிட்டு, பிறகுதான் கொடுக்கிறார். ஐந்து இருபது பவுன் நோட்டு. பிரெட்டின் கடனுக்கு அது போதாது. நன்றியை மனமாரச் சொல்ல முடியவில்லை. கொடுத்தவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. பணம் கைமாறிய பிறகும் கயிறு கிழவர் கையிலேயே இருக்கிறது.

சாகிற இரவில், விடியற்காலை மூன்று மணி சுமாருக்கு, அவரைக் கவனித்துக்கொள்ளும் மேரி கார்த்தைக் கூப்பிடுகிறார். இரண்டு உயில் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றை எரிக்க வேண்டும், இரும்புப் பெட்டியைத் திற, இந்தப் பணமெல்லாம் உனக்கு என்கிறார். மேரி ஏழை, சம்பளத்துக்கு இருக்கிறவள். சாவியையும் தொடமாட்டேன், பணத்தையும் தொடமாட்டேன், வேண்டுமானால் வக்கீலைக் கூப்பிட ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிடுகிறாள். கிழவர் கெஞ்சுகிறார், தடியை எடுத்து வீசுகிறார். விடியும்போது ஒரு கை சாவிமேலும் மறு கை பணக் குவியல்மேலும் இருக்க, பிராணன் போயிருக்கிறது. உயிலைப் படிக்கும்போதுதான் தெரிகிறது: முதல் உயிலில் பிரெட்டுக்குப் பத்தாயிரம் பவுன் இருந்தது, இரண்டாவது உயிலில் பூஜ்யம். சமையலறையில் நாட்கணக்காக உட்கார்ந்து பன்றித் தொடையைத் தின்றுகொண்டு காத்திருந்த உறவினர்களுக்கும் பட்டை நாமம். யாரும் கேள்விப்பட்டிராத ஜோஷுவா ரிக் என்பவனுக்கு நிலமெல்லாம் போய்விட்டது. மேரி கையை நீட்டியிருந்தால் அவளை நேசிக்கிற பிரெட் பணக்காரன்.

இந்த அத்தியாயத்தின் வலிமையை மறுக்க முடியாது. அந்த இருட்டும், கிழவரின் மூச்சும், பெண்ணின் பயமும் படித்து வெகு நாள் கழித்தும் மனசில் நிற்கின்றன. ஆனால் ஜார்ஜ் எலியட்டிடம் ஒரு தாயாரின் குணம் உண்டு. கணக்கை நேர் செய்யாமல் தூங்கமாட்டார். பணம் போனதால்தான் பிரெட் உழைக்கக் கற்றுக்கொள்கிறான், மேரியை மணக்கிறான், கடைசியில், எந்தப் பண்ணை கைநழுவிப் போயிற்றோ அதே பண்ணையில் போய்க் குடியிருக்கிறான். படித்தால் மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் வாழ்க்கையில் கைநழுவிய பண்ணைகள் இவ்வளவு மரியாதையாகத் திரும்பி வருவதில்லை. பெதர்ஸ்டோனும் அப்படித்தான். அவர் கொடியவர் என்று நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுவதால், நாம் யாரும் அவரில் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. நார்லண்ட் கிழவரிடமிருந்தும் ஜானிடமிருந்தும் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடிகிறதா?

ஜேன் ஆஸ்டனும் தம் பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறாரே என்று கேட்கலாம். செய்து வைக்கிறார். ஆனால் அந்த மூவாயிரம் பவுன் மட்டும் திரும்பி வருவதே இல்லை. நாவலின் நடுவே லண்டனில் ஜான் எலினாரைச் சந்திக்கிறான். ரொம்பப் பிரியமாகவே பேசுகிறான். பொது நிலத்தை வளைத்து வேலி போடுகிற செலவு, பக்கத்துப் பண்ணையை வாங்கிய செலவு, எல்லாம் கையைக் கடிக்கிறதாம். சிற்றன்னை எடுத்துப்போன பீங்கானுக்கும் துணிக்கும் பதிலாகப் புதிதாக வாங்கவேண்டி வந்ததையும் சொல்லிக்கொள்கிறான். அவர்களிடமே சொல்லிக்கொள்கிறான்! பிறகு, எலினாரும் மாரியானும் அப்போது விருந்தினராகத் தங்கியிருக்கும் ஜென்னிங்ஸ் அம்மாளைப் பற்றி விசாரிக்கிறான். வயதானவள், வசதியுள்ளவள், உங்களிடம் இவ்வளவு பிரியமாக இருக்கிறாளே, சாகும்போது உங்களுக்கு ஏதாவது எழுதி வைக்காமலா போவாள் என்று தங்கைகளுக்கு நம்பிக்கை ஊட்டுகிறான். அந்த அம்மாளுக்கு இருப்பது அவளுடைய ஆயுளுக்கு மட்டும்தான், அவளுக்குப் பிறகு அது அவளுடைய பெண்களுக்குப் போகும் என்று எலினார் அமைதியாகப் பதில் சொல்கிறாள்.